பழைய டர்போ இம்ப்ரெசா, மலைப் பாதை, நாலு லட்சம்: எதில் முதலில் கை வைப்பது?

#1 கொட்டகலை ஜிடிஏ

வணக்கம். நீண்ட நாள் ஆசை ஒருவழியாக நிறைவேறி, 2004 சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் செடான் ஒன்று வாங்கிவிட்டேன். மொடல் கோட் ஜிடிஏ, இஜே205 டர்போ எஞ்சின், ஐந்து கியர் மெனுவல், ஜப்பான் மொடல். இதுவரை கொழும்புப் பக்கம் ஓடிய வண்டி. பொடி சுத்தம், துரு இல்லை. எஞ்சின் வேலை பார்த்த பில் பாதிதான் இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

தினமும் கொட்டகலை, ஹட்டன் ஓட்டம். சனி ஞாயிறு என்றால் நுவரெலியா, அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளை, கண்டி. இந்த வருடம் வண்டிக்கென்று நாலு லட்சம் ரூபா ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் முடியாது, வீட்டில் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது.

போட நினைப்பது: மெனுவல் பூஸ்ட் கொன்ட்ரோலர் (பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, கையால் கூட்டுவது), வெளியே ஊதும் புளோ ஓஃப் வால்வு (காலை எடுக்கும்போது மிஞ்சும் அழுத்தத்தை விடுவது), ஓப்பன் ஃபில்டர், பெரிய சைலன்சர், லோவரிங் ஸ்பிரிங்.

ஓட்டும்போது கவனித்தது மூன்று விஷயம். நானுஓயா ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் 3,000 ஆர்பிஎம் பக்கம் ஒரு தயக்கம், பிறகு இழுக்கிறது. றம்பொடை இறங்கி முடிக்கும்போது பிரேக் பெடல் இளகி, வழக்கத்தை விட ஆழமாகப் போகிறது. ஒயில் மட்டமும் மெல்ல இறங்குகிறது, ஆனால் கீழே சொட்டுவதைக் காணவில்லை.

எந்த வரிசையில் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கண்டி ஈவோ

வாழ்த்துகள் மச்சான், நல்ல வண்டி. 2020இல் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த மாதிரி வண்டிகளுக்கு விலை ஏறிக்கொண்டே வந்தது. 2025 பெப்ரவரியில் கதவு திறந்தாலும், வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் இருபது வருடப் பழைய டர்போ செடான் இனி வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருப்பதுதான் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்.

முதல் காசு மெப்புக்குப் போகட்டும். எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சின் கணினியில், அதாவது ஈசியுவில், எழுதிய அட்டவணைதான் மெப். ஜப்பான் ஈசியு அங்கே விற்கும் 100 ஒக்டேன் பெற்றோலை நம்பி எழுதியது. நமக்கு ஷெட்டில் வழக்கமாகக் கிடைப்பது 92, 95. அந்த மெப்போடு நம் பெற்றோலில் ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் நொக் ஆகும், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். உன் 3,000 ஆர்பிஎம் தயக்கமும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நல்ல ட்யூனர் ஒருவரிடம் 95க்கு ஏற்ற மாதிரி மெப் செய்து எடு. மற்றதெல்லாம் பிறகு.

#3 ஊவா பாக்ஸர்

தம்பி, பெடல் இளகுகிறது என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அதைப் பார். இந்த வாரமே.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கம்பளைக்கு இறங்கும்போது 1,300 மீற்றருக்கு மேல் கீழே வருகிறாய். இரண்டு பேரும் சாமானும் ஏறினால் வண்டி 1,550 கிலோ இருக்கும். அந்தப் பாரத்தை அவ்வளவு உயரத்திலிருந்து கீழே கொண்டுவருவதற்கு எங்காவது போக வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ஐந்தரை யூனிட் மின்சாரம். ஆயிரம் வொட் அயர்ன் பெட்டியை ஐந்தரை மணி நேரம் போட்டு வைத்ததற்குச் சமம். அதை நீ ஒரே இறக்கத்தில் செலவழிக்கிறாய். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுக்கும், மிச்சம் முழுக்க டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்கும்.

அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்குப் போகும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அது 140க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. டொட் 5.1 என்றால் 260, 180. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. பெடல் ஆழமாகப் போவதற்குக் காரணம் அதுதான். பேட் மட்டும் சூடாகிப் பிடிப்பை இழந்தால் பெடல் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. உன் பெடல் இளகுவதால் ஒயில் பழையது என்றே சொல்வேன்.

நம் பக்கம் வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று புத்தகத்தில் இருந்தாலும் இங்கே வருடத்துக்கு ஒருமுறை மாற்று. டொட் 4 போதும், 5.1 கிடைத்தால் இன்னும் நல்லது. டொட் 5 என்று தனியாக ஒன்று வரும், அது சிலிக்கோன், ஏபிஎஸ் உள்ள இந்த வண்டிக்கு ஆகாது. கடையில் 5ஐயும் 5.1ஐயும் ஒன்று என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், போத்தலை வாங்கிப் படித்துப் பார்.

கலிப்பரின் ஸ்லைட் பின், பிஸ்டன் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொல். ஒரு சக்கரம் இறுகியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெந்துபோகும். றம்பொடை இறங்கியதும் நான்கு ரிம் பக்கமும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார், தொடாதே. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் தெரிந்துவிடும்.

அப்புறம் இறங்கும் முறை. ஏறிய கியரிலேயே இறங்கு. இரண்டாம், மூன்றாம் கியரில் காலை எடுத்துவிட்டால் ஈசியு பெற்றோலையே வெட்டிவிடும், எஞ்சின் இலவசமாகப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மெதுவாக நெடுநேரம் அழுத்திக்கொண்டு வராமல், வளைவுக்கு முன்னால் ஒரு தடவை உறுதியாக அழுத்தி விட்டுவிடு.

#4 பாஸ் மகன்

அண்ணன் சொன்னதுக்கு மேலே பிரேக்கில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் கராஜில் இஜே எஞ்சின்கள் பிரித்துக் கோத்து வளர்ந்தவன் என்ற முறையில் எஞ்சின் பக்கம் சொல்கிறேன்.

டைமிங் பெல்ட்டுக்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொள். இஜே205இல் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். பெல்ட் மட்டும் வாங்காதே. பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அது உருளும் ஐட்லர்கள், வோட்டர் பம்ப் சேர்த்துப் போடு. எத்தனையோ வண்டியில் பெல்ட் நன்றாக இருக்கும், பக்கத்தில் ஒரு ஐட்லர் பேரிங் இறுகிப் பெல்ட்டைத் தின்றிருக்கும். நாலு லட்சத்தில் முதல் பெரிய செலவு இதுதான், வேறு வழி இல்லை.

கண்டி ஈவோ அண்ணனிடம் ஒரு மறுப்பு. தயக்கத்துக்கு நொக் காரணமாக இருக்கலாம், டர்போ அழுத்திய காற்று எங்காவது கசியும் பூஸ்ட் லீக்கும் இருக்கலாம். இந்த வண்டியில் காற்றை மாஃப் சென்சர் அளக்கிறது. அளந்த பிறகு ஒரு ஹோஸ் வழியாகக் காற்று வெளியே போனால், ஈசியு அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் அடிக்கும். கலவை தடித்து வண்டி தடுமாறும். லீக்கோடு மெப் செய்தால் லீக்குக்கு மெப் செய்த மாதிரி ஆகிவிடும். பிறகு ஹோஸை மாற்றினால் அந்த மெப் பொருந்தாது.

லீக் பார்க்கும் கருவியை வீட்டிலேயே செய்யலாம். ஹார்ட்வேர் கடையில் மாஃப் குழாய்க்குள் இறுகும் அளவில் பிவிசி மூடி ஒன்று. அதன் நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றை இழுத்து மாட்டு. மாஃபுக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி மூடியை உள்ளே வைத்து கிளிப் போட்டு இறுக்கு. பிரீதர் ஹோஸ்களைக் கழற்றி வாயை அடைத்துவிடு, இல்லாவிட்டால் காற்று எஞ்சின் உள்ளே போய் சீல்களைத் தள்ளும். கொம்ப்ரஸரில் 10 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்று, அதற்கு மேல் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரைத் தெளி. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள வை குழாயின் ரப்பர், புளோ ஓஃப் வால்வின் கெஸ்கெட், திரொட்டில் பொடி ஹோஸின் அடிப்பக்கம், காய்ந்துபோன சின்ன வெக்கியூம் ஹோஸ்கள். நுரை வரும் இடம் இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். திரொட்டில் ஹோஸின் அடிப்பக்கத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டும் டோர்ச்சும் வேண்டும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒயில் விஷயம்: கீழே சொட்டவில்லை என்றால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுத்து எடுக்கும் பிசிவி வால்வு. கழற்றிக் குலுக்கினால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். பிறகு வால்வு கவர் கெஸ்கெட்: கசிந்தால் நேராக எக்ஸோஸ்ட் மேல் விழுந்து புகைந்துவிடும், தரையில் அடையாளம் இருக்காது. ஏற்றம் ஏறி நிறுத்தியதும் பொனட்டைத் திறந்து மோந்து பார்.

#5 கொட்டகலை ஜிடிஏ

எல்லோருக்கும் நன்றி. பிரேக் ஒயிலை நாளைக்கே பார்க்கிறேன். ஏறி நிறுத்தினால் எரிந்த ஒயில் வாடை இருக்கிறது, ஹீட்டர் வழியாக உள்ளேயும் வரும். அதை இதுவரை இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

பூஸ்ட் கொன்ட்ரோலர் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? காசு கொஞ்சம்தான், சக்தி உடனே தெரியும் என்கிறார்கள்.

#6 ஊவா பாக்ஸர்

அதைப் போடாதே தம்பி. அதிலும் நம் உயரத்தில் போடாதே. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஹட்டனில் சுமார் 87, நுவரெலியாவில் சுமார் 81. மீட்டரில் ஒரு பார் பூஸ்ட் காட்டுகிறது என்று வை. கொழும்பில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது. நுவரெலியாவில் அதே ஒரு பார் காட்ட இரண்டே கால் மடங்கு அழுத்த வேண்டும். டர்போ அதிக வேகத்தில் சுற்றும், வெளியே வரும் காற்று அதிகம் சுடும், சுட்ட காற்று நொக்கைக் கூப்பிடும். கொம்பனி ஈசியு வெளிக் காற்றழுத்தத்தைப் பார்த்து மேட்டில் பூஸ்ட் இலக்கைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். மெனுவல் கொன்ட்ரோலருக்கு அது ஒன்றும் தெரியாது. அது ஒரு ஸ்பிரிங், ஒரு உருண்டை. பட்டிப்பொலையிலும் பாணந்துறையிலும் ஒரே அளவுதான். கொம்பனிக்காரன் போட்டு வைத்த காவலை நீயே கழற்றிவிடுகிறாய்.

வெளியே ஊதும் வால்வும் அப்படித்தான். அளந்து எண்ணிய காற்றை வெளியே விட்டால், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கலவை தடிக்கும். பிளக் கறுக்கும், சைலன்சரில் வெடிக்கும். தோட்டத்துப் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கொழுந்து மூட்டையோடு பெண்களும் ஓரத்தில் நடக்கிற இடத்தில் அந்தச் சத்தம் எதற்கு? ஒரிஜினல் வால்வு காற்றைத் திரும்ப உள்ளே அனுப்பும், கொஞ்சம் பூஸ்ட் ஏற்றினாலும் தாங்கும்.

ஓப்பன் ஃபில்டர்: எஞ்சின் சூட்டைத்தான் குடிக்கும். ஒயில் தடவிய வகை என்றால் மாஃப் கம்பியிலும் ஒயில் படியும். பெட்டியோடு உள்ள காகித ஃபில்டரைப் புதிதாகப் போடு, போதும்.

லோவரிங் ஸ்பிரிங்: உன் பாதை உனக்குத் தெரியும். பழைய ஷொக்கில் புது ஸ்பிரிங் போட்டால் இரண்டும் சேர்ந்து துள்ளும். காசு இருந்தால் புது ஷொக், புது புஷ். உயரம் அப்படியே இருக்கட்டும்.

#7 கண்டி ஈவோ

அண்ணே, கொன்ட்ரோலர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்களோடுதான். ஆனால் ட்யூனைப் பின்னால் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெப் என்றால் சக்தி ஏற்றுவது என்று மட்டும் நினைக்கிறோம். இந்த வண்டிக்கு அது பாதுகாப்பு வேலை. 95க்கு ஏற்பத் தீப்பொறி டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கலவையைச் சரிசெய்தால், பூஸ்ட்டைத் தொடாமலே எஞ்சின் நிம்மதியாக ஓடும். அது இல்லாமல் ஒவ்வொரு ஏற்றத்திலும் நொக் சென்சரை நம்பி ஓட்டுவது சரியா? ஹட்டன் பக்கம் எல்லா ஷெட்டிலும் எப்போதும் 95 இருக்கிறதா?

#8 பாஸ் மகன்

இரண்டு பேரும் சொல்வது சரிதான், வரிசைதான் கேள்வி. அதை ஊகத்தில் தீர்க்க வேண்டாம். ஈசியுவிடமே கேட்கலாம்.

பழைய சுபாருகளுக்கு கேகேஎல் என்கிற மலிவான யூஎஸ்பி கேபிள் போதும், மடிக்கணினியில் போடும் ரோம்ரெய்டர் மென்பொருள் இலவசம். ஐஏஎம் என்று ஒரு எண் வரும். நொக் கேட்கக் கேட்க ஈசியு அதைக் குறைத்துக்கொண்டே வரும். சில ஈசியுவில் முழு அளவு 16, சிலதில் 1. முழுசாக இருந்தால் எஞ்சின் பெற்றோலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாதிக்கு வந்தால் தினமும் அடி வாங்குகிறது. பக்கத்தில் ஃபீட்பேக் நொக் கரெக்‌ஷனையும் போட்டுக்கொள், நொக் கேட்டதும் ஈசியு தீப்பொறியைப் பின்னுக்கு இழுப்பது அதில் மைனஸாகத் தெரியும். ஒரு ஆளை ஓட்டவிட்டு நீ மடிக்கணினியைப் பார். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதே.

ஒரு பழக்கம் மட்டும் இன்றைக்கே மாற்றலாம்: நாலாம், ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் வைத்து ஏற்றத்தில் மிதிக்காதே. டர்போ எஞ்சினுக்கு அதை விடக் கெட்ட நிலை இல்லை. பாரம் முழுக்க, வேகம் இல்லை, நொக் அங்கேதான் பிறக்கும். ஒரு கியர் குறை. கொஞ்சம் பெற்றோல் போகும், பிஸ்டன் மிஞ்சும்.

#9 பண்டாரவளை சிவிக்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 2018 சிவிக், ஒரு லீற்றர் டர்போ. ஆயிரம் சிசிக்குக் கீழே வரி குறைவு என்று அந்தக் காலத்தில் நிறையப் பேர் எடுத்த அதே வண்டி. ஹப்புத்தளை, பெரகலை பக்கம் ஏறும்போது வண்டி கொஞ்சம் சோர்கிறது. இதற்கும் சக்தி கூட்டும் ட்யூன் பொக்ஸ் போடலாமா?

#10 பாஸ் மகன்

அண்ணே, அந்த எஞ்சினில் பெட்டியை மறந்துவிடுங்கள். அதன் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள் ஓடுகிறது. ஒயில் கெட்டால் பெல்ட்டின் ரப்பர் உதிரும், உதிர்ந்தது ஒயில் பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். கொம்பனி சொன்ன ஒயில், அதே தரம், காலத்துக்கு முன்னால் மாற்றுங்கள். கராஜில் "இதுவும் அதே மாதிரிதான்" என்று வேறு ஒயில் ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிவிடி ஓட்டோ கியர் பொக்ஸ் என்றால் அதன் ஒயிலும் முக்கியம், மலையில் அதிகம் சுடும். சோர்வுக்கு ஏர் ஃபில்டரும் பிளக்கும் பாருங்கள். மிச்சம் உயரத்தால் வருவது: பூஸ்ட் எழும்பும் முன்னால் பண்டாரவளையில் எந்த எஞ்சினுக்கும் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு காற்று குறைவு.

#11 கொட்டகலை ஜிடிஏ

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

பிரேக் ஒயில் வெளியே வந்தபோது கோலா நிறம். டொட் 4 ஊற்றி நாலு பக்கமும் காற்று எடுத்தோம். பின்னால் இடது கலிப்பர் பின் ஒன்று இறுகியிருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் போட்டாயிற்று. முன் பேட் புதிது. போன ஞாயிறு றம்பொடை இறங்கினேன், இறக்கம் முழுக்கப் பெடல் ஒரே உயரத்தில் நின்றது.

பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வோட்டர் பம்ப் முடிந்தது. பழைய ஐட்லர் ஒன்று கையில் சுற்றினாலே கரகரத்தது.

பிவிசி மூடி வைத்துப் பார்த்தோம். வை குழாயின் ரப்பரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, நுரை கொப்பளித்தது. புளோ ஓஃப் வால்வு கெஸ்கெட்டிலும் கொஞ்சம். இரண்டும் மாற்றியதும் 3,000 தயக்கம் போய்விட்டது. வலது பக்க வால்வு கவர் கெஸ்கெட்தான் வாடைக்குக் காரணம்.

ஆனால் கேபிள் மாட்டிப் பார்த்தால் ஐஏஎம் 16க்கு 10. 95 மட்டுமே ஊற்றி, பிளக் மாற்றி, ஒரு வாரம் ஓட்டியபின் 13. அதற்கு மேல் ஏறவில்லை. நானுஓயாவுக்கு முன்னால் உள்ள நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து மைனஸ் கரெக்‌ஷன் வருகிறது.

#12 கண்டி ஈவோ

சரி, இப்போது மெப்புக்கு நேரம் வந்துவிட்டது. வண்டி இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது, இந்த நிலையில் செய்வதுதான் சரி என்று பாஸ் மகனிடமும் ஒத்துக்கொள்கிறேன். ட்யூனரிடம் மூன்று விஷயம் சொல்: 95 மட்டும், பூஸ்ட் கொம்பனி அளவு, மலையில் ஓட்டம். வண்டியை உருளையில் ஓட்டி அளக்கும் டைனோ கொழும்பில் இருக்கும், அங்கே கடல் மட்டம். எடுத்துக்கொண்டு வந்து நானுஓயா ஏற்றத்தில் கேபிள் மாட்டி மறுபடி லொக் (ஈசியு அளவுகளின் பதிவு) எடுத்து அனுப்பு, அதைப் பார்த்து அவர் திருத்தித் தர வேண்டும். அப்படிச் செய்து தர ஒத்துக்கொள்ளாதவரிடம் போகாதே. பெற்றோல் பம்ப் பழையது என்றால் மெப்புக்கு முன்னாலேயே அழுத்தத்தையும் அளந்து பார்.

#13 ஊவா பாக்ஸர்

நல்ல வேலை தம்பி. சூடு பற்றி இன்னும் இரண்டு விஷயம் மிச்சம்.

ஒன்று, ரேடியேட்டர் மூடி. நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி இறுக்கிப் பிடித்து அழுத்தம் கொடுப்பதால்தான் அங்கே எஞ்சின் கொதிக்காமல் ஓடுகிறது. தளர்ந்த மூடி கொழும்பில் தெரியாது, மேட்டில் காட்டிக்கொடுக்கும். புது மூடி ஒன்று போடு, மலிவுதான். வோட்டர் பம்ப் மாற்றியதால் கூலண்டில் காற்று அடைந்திருக்கும். வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, மேல் டேங்க் வழியாக ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓடவிடு. சரிவுக்கு நம் ஊரில் பஞ்சமா?

இரண்டு, இன்டர்கூலர். இந்த வண்டியில் அது எஞ்சின் தலைக்கு மேல் இருக்கிறது. லொறிக்குப் பின்னால் கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ ஊர்ந்துகொண்டு ஏறும்போது பொனட் வாயில் காற்று இல்லை, கீழிருந்து சூடு மட்டும் ஏறும். அப்புறம் லொறியைத் தாண்ட மிதித்தால் வெந்த காற்றோடுதான் இழுக்கும். இடம் கிடைத்ததும் மிதிக்காமல் கொஞ்ச தூரம் காற்று பட ஓடவிட்டுப் பிறகு மிதி. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே எஞ்சினை அணைக்காதே. ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும், இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஒயில் வெந்து கரியாகும். ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் டிப் ஸ்டிக். மட்டம் குறைந்த நிலையில் நீண்ட வளைவில் போனால் பம்ப் காற்றை இழுக்கும், ரொட் பேரிங் போகும். இஜே எஞ்சின்கள் சாகும் வழிகளில் அது முக்கியமான ஒன்று.

டயர் என்ன நிலை?

#14 கொட்டகலை ஜிடிஏ

நாலில் இரண்டரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. முன் இரண்டும் நல்ல டயர், பின் இரண்டும் தேய்ந்தவை. பின்னுக்கு இரண்டு மட்டும் புதிதாக வாங்கலாமா? மிச்சத்தை மெப்புக்கு வைத்திருக்கிறேன். பின்னால் இடது பக்கம் 60க்கு மேல் ஒரு ஊளைச் சத்தமும் கேட்கிறது.

#15 மகாகஸ்தோட்ட ரசிகன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், டயர் என்றதும் வந்தேன். ஒவ்வொரு ஏப்ரலும் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்ட ஹில் கிளைம்ப்புக்குப் போகிறவன். 1934இலிருந்து வரும் போட்டி அது. ஓட்டுநர்கள் தங்கள் நேரம் வரும் முன்னால் எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் தெரியுமா? டயரைத்தான். பூஸ்ட் மீட்டரை இல்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் சுற்றளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வித்தியாசம் இருந்தால், முன் பின் சக்கரங்களுக்கு நடுவில் இணைப்பாக உள்ள விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் சறுக்கிச் சூடாகும். நாலும் ஒரே மேக், ஒரே அளவு, ஒரே தேய்மானம். 17 அங்குல ரிம் என்றால் 215/45. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மழையில் பிடிக்கும் டயர் எடு, அகலத்தைத் துரத்தாதே.

வேகமாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை வரும், அது பிழையில்லை. அதற்கு ரோட்டை மூடித் தரும் நாள் அந்த ஏப்ரலில் இருக்கிறது. ஏ5 பெருந்தெருவில் தேயிலை லொறிக்கும் பாடசாலை வேனுக்கும் நடுவில் வேண்டாம்.

#16 கண்டி ஈவோ

டயர் முதலில், மெப் பிறகு. நானே சொல்கிறேன். இரண்டுக்கும் காசு பத்தாது என்றால் மெப் இரண்டு மாதம் பொறுக்கும். அதுவரை 95, கியர் குறைத்து ஏறு, முழுசாக மிதிக்காதே. ஐஏஎம் 13லேயே நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார். இறங்கினால் இங்கே எழுது.

#17 பாஸ் மகன்

ஊளைச் சத்தம் பின் வீல் பேரிங். ஜிடிஏவில் வழக்கமான வியாதி. ஜெக்கில் தூக்கி, ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்று. பேரிங் போயிருந்தால் ஸ்பிரிங்கில் அதிர்வு கைக்குத் தெரியும். டயர் மாற்றும் அன்றைக்கே செய், இரண்டு தடவை கூலி வேண்டாம்.

பிறகு ஒரு நாள் இன்டர்கூலர் பெரிதாக வேண்டும் என்றால், இம்ப்ரெசாவின் சக்தி கூடிய மொடலான எஸ்டிஐயின் மேல் இன்டர்கூலர் கொஞ்சம் ஹோஸ் வேலையோடு அதே இடத்தில் உட்காரும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தால் வாங்கும் முன்னால் உள்ளே கையை விட்டுத் துடைத்துப் பார். மெல்லிய ஒயில் படலம் இருந்தால் பரவாயில்லை. உலோகத் தூள் ஒட்டினால் முந்தைய வண்டியின் டர்போ அதற்குள் உடைந்திருக்கிறது, கையாலும் தொடாதே. டர்போ வாங்கப் போனாலும் இதே கதைதான்: தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளு, அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் இருக்கலாம், இலை சுவரைத் தொடக் கூடாது.

இன்னொன்று, சில இஜே எஞ்சின்களில் டர்போவுக்கு ஒயில் போகும் போல்ட்டுக்குள் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அடைத்தால் டர்போ வறண்டு போகும். உன் வண்டியில் இருக்கிறதா என்று அடுத்த ஒயில் மாற்றும்போது கழற்றிப் பார்ப்போம். சனிக்கிழமை காலையில் வண்டியை இங்கே கொண்டுவா, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அதனால் எட்டு மணிக்கு வந்து நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வா.